விரல் எங்கே இருக்கிறது?

வியட்நாம் யுத்தப் படம் ஒன்றைக் கம்பஸ் நண்பர்களுக்குக் காட்டினேன். சேறு, புகை, மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு அமெரிக்கச் சிப்பாய். துவக்குகளைப் பற்றி நிறைய வாசிக்கிற நண்பன் ஒருவன் அவனுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. "ட்ரிகரில விரல் வச்சிருக்கிறான் பார், ஒழுங்கான ட்ரெயினிங் இல்லாதவன்" எண்டு சொல்லிப்போட்டு ஃபோனைத் திருப்பித் தந்தான்.

அந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தியது.

சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்கவேண்டும் என்பது இன்று பல படைகளில் பாலபாடம். ஆனால் அது துவக்கோடு சேர்ந்து பிறந்த விதி இல்லை. அமெரிக்க மரைன் படையில் இருந்த ஜெஃப் கூப்பர் 1976இல் அரிசோனாவில் ஒரு சுடுபயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவர் பரப்பிய நான்கு பாதுகாப்பு விதிகளில் மூன்றாவது இது. அப்போது வியட்நாம் யுத்தம் முடிந்து ஒரு வருடமாகிவிட்டது.

அதற்கு முந்தைய சிப்பாய்கள் விரலைவிட 'சேஃப்டி'யைத்தான் நம்பினார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்கள் தூக்கித் திரிந்த எம்1 கரண்ட் துவக்கில் அது ட்ரிகர் வளையத்தின் முன்பக்கத்திலேயே இருந்தது. சுட முன்னம் விரலால அதை முன்னுக்குத் தள்ளவேணும். அந்தக் காலத்துப் படமொன்றில் விரல் வளையத்துக்குள் தெரிந்தால், 'பழகாதவன்' என்று எப்படிச் சொல்வது?

வியட்நாம் படங்களில் ரவைப் பட்டிகளை மாலை போல நெஞ்சில் குறுக்காகப் போட்டிருப்பார்கள். பார்க்க ஸ்டைல்தான். ஆனால் ரவையில் சேறு பட்டால் துவக்கு இறுகிவிடும். அப்படியிருந்தும் ஏன் போட்டார்கள்? எம்60 இயந்திரத் துவக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 550 ரவை தின்னும். அதைத் தூக்குகிறவன் ஒருவனால் அவ்வளவையும் சுமக்க ஏலாது. மற்றவர்களும் பங்குபோட்டுச் சுமந்தார்கள். பிழை போலத் தெரிவதற்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது.

டொன் மக்கலின் 1968இல் ஹுவே நகரத்தில் எடுத்த படத்தைப் பாருங்கள். ஷெல் அதிர்ச்சியில் உறைந்துபோன ஒரு மரைன், துவக்கின் குழலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். கண் எங்கேயோ நிற்கிறது. விரல் ட்ரிகருக்குக் கிட்டவும் இல்லை. என் நண்பனின் கணக்கில் இவனுக்கு முழுப் புள்ளி கிடைக்கவேணும்!

அதுக்காக, கையைப் பார்க்காதேங்கோ எண்டு நான் சொல்ல வரேல்ல. சண்டைக் காலத்துச் சென்றிகளைக் கடந்து போய்வந்த என் அம்மம்மாவும் விரலைத்தான் பார்த்தவ. "முகத்தைப் பார்த்து என்ன செய்யிறது பிள்ளை, கை எங்க இருக்கெண்டுதான் பார்ப்பன்" என்பா. அவ ட்ரெயினிங்குக்குப் புள்ளி போடவில்லை. அண்டைக்கு வீடு திரும்புவாவா எண்டதைத்தான் அந்த விரலில் வாசித்தா.

யுத்தப் படங்களில் கமரா பெரும்பாலும் துவக்குப் பிடித்தவனின் பக்கத்தில்தான் நிற்கும். குழலுக்கு முன்னால் நிற்கிற ஆள் படத்துக்குள் வருவது குறைவு. இனி ஒரு படத்தில் விரலைக் கண்டால், அந்தச் சிப்பாய் பழகினவனா பழகாதவனா என்பதோடு நிறுத்தவேண்டாம். அந்தக் குழல் யாரை நோக்கி நிற்கிறது என்றும் கேட்போம்.