கண்மாயில் ஓர் அளவுகோல்

சுற்றுச்சூழல் என்றதும் நம் பள்ளிகளில் பேச்சுப் போட்டி வைத்துவிடுகிறோம். ஓசோன் படலம், துருவப் பனி, அமேசான் காடு என்று மூன்று நிமிடம் முழங்கிப் பரிசும் வாங்குகிறீர்கள். உங்கள் ஊர்க் கண்மாயில் சென்ற மழைக்கு எத்தனை அடி தண்ணீர் ஏறிற்று என்று கேட்டாலோ, விழிக்கிறீர்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. வெள்ளாறும் அக்னி ஆறும் மழைக்காலத்து ஆறுகளே. கண்மாய்களை நம்பித்தான் பிழைப்பு. இங்கே தைல மரத்தைப் பற்றிய வாதம் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் நம் மாவட்டத்தில் பெரும் பரப்பில் இம்மரத்தை வளர்க்கிறது. காகித ஆலைக்குக் கூழ் வேண்டுமே! மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடுகிறது என்பது உழவர்களின் ஒரு குறை. தோட்டத்துக்குள் போட்ட வரப்புகள் மழைநீரைத் தடுப்பதால் கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. முன்னதை அளக்க நுட்பமான கருவிகள் வேண்டும். பின்னதை ஒன்பதாம் வகுப்பு மாணவரே ஆராயலாம்.

அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். மழை விட்டதும் உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அளந்தால் அதுவே மழையளவு. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். அதில் எவ்வளவு கண்மாய்க்கு வந்தது? கோடையில் கண்மாய் வறண்டிருக்கும்போது, பெரியவர்கள் துணையோடு, மடைக்கருகே அடிக்குறி போட்ட கம்பம் ஒன்றை நட்டுவிட்டால் கரையில் நின்றபடியே படித்துக்கொள்ளலாம். தைல மரத் தோட்டத்திலிருந்து வரத்துவாரி வரும் கண்மாய் ஒன்று, அப்படி வராத கண்மாய் ஒன்று என இரண்டைப் பார்ப்பது நல்லது. ஆனால் ஒரு மழையைக் கொண்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். காய்ந்த மண் முதல் மழையைத் தானே குடித்துவிடும். அதே அளவு மழை கார்த்திகையில் பெய்தால் பெருக்கெடுத்து ஓடும். இரண்டு கண்மாய்களின் பரப்பும் ஒன்றல்ல. மூன்று நான்கு ஆண்டுக் கணக்காவது வேண்டும். பள்ளியை விட்டுப் போகும்போது ஏட்டைத் தம்பி தங்கையரிடம் ஒப்படையுங்கள். ஊரார் பேச்சுக்கு மாறாக எண் வந்தாலும் அதையும் எழுதத்தான் வேண்டும்.

"படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பார் சிலர். இதுவும் இயற்பியல் செய்முறைதான் ஐயா! நெடுவாசலில் 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டபோது மாணவர்களும் நின்றார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் நம் மாவட்டத்தின் ஒன்றியங்கள் சிலவும் இடம்பெற்றன. குரலுக்குப் பலன் உண்டு. கணக்கேடும் கையில் இருந்தால் அதிகாரிகள் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கிராம சபையில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். உங்களுக்கு இன்னும் வயதாகவில்லை. அம்மாவுக்கு ஆகிவிட்டதே! மார்ச் 22, உலக நீர் நாளன்றும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் கணக்கு அதற்குள் முழுதாகச் சேர்ந்திருக்கும். அவர் எழுந்து அதை வாசிக்கட்டும்.