கவிஞன் சின்னா ஏன் செத்தான்?

பரீட்சை நெருங்கிவிட்டால் ஆங்கில வகுப்பில் பேச்சுக்கலையைத் திருப்பிப் படிக்கிறார்கள். பேசுகிறவனின் நற்பெயர், கேட்கிறவனின் உணர்ச்சி, வாதத்தின் நியாயம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளும் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

பிறகு ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீஸர்', மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி. புரூட்டஸை மரியாதைக்குரியவன் என்று சொல்லிச் சொல்லியே ஆன்டனி அவன் மரியாதையைக் கொல்கிறான். இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டுகிறான், உயிலை வாசிக்கிறான். 'கையாண்ட உத்திகள் யாவை?' எழுதினால் மார்க்கு. பாடம் முடிந்தது.

முடியவில்லை, ஐயா! அடுத்த காட்சியையும் படியுங்கள். வெறிகொண்ட கூட்டம் சின்னா என்ற கவிஞனைத் தெருவில் மடக்குகிறது. சதிகாரன் சின்னா வேறு, தான் வேறு என்று அவன் கதறுகிறான். பெயர் ஒன்றாயிருந்தது போதும், கிழித்தெறிகிறார்கள். கி.மு. 44-இல் ரோமில் சின்னா என்பவன் இவ்விதமே மாண்டதைப் புளூட்டார்க்கும் எழுதி வைத்திருக்கிறார்.

சொற்பட்டியலிலும் இதே கதை. 'பாஸிபிகேஷன்' என்றால் அமைதிப்படுத்துதல் என்று பையன் எழுதுகிறான். திக்கற்ற கிராமங்களின்மேல் குண்டு வீசுவதற்கும் அதே பெயர் சூட்டினார்கள் என்று 1946-இல் ஜார்ஜ் ஆர்வெல் இடித்துக் காட்டினார். அந்த அர்த்தம் பையனின் நோட்டில் இல்லை.

உத்திகளின் பெயர் தெரிய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விஷத்தின் பெயர் தெரியத்தான் வேண்டும். தெரிந்தும் அதைப் பாலென்று குடிப்பவனுக்குப் படிப்பு எதற்கு?

ஆகவே, கேள்வித்தாளில் ஒரு கேள்வி சேருங்கள்: 'அந்தக் கூட்டத்தில் நீ நின்றிருந்தால், ஆன்டனியின் எந்த வார்த்தையில் கொள்ளிக்கட்டையைத் தூக்கியிருப்பாய்?'

இதற்கு மனமறிந்து பதில் எழுதுகிற பிள்ளைக்கு முழு மார்க்கும் கொடுங்கள்.