கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பது யார்?

லினக்ஸ் இன்ஸ்டால் செய்யும்போது உங்கள் பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றுடன் கம்ப்யூட்டரின் பெயரையும் கேட்கும். அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருப்பதால், பலர் அதைப் படிக்காமலே அடுத்த பட்டனை அழுத்திவிடுகிறார்கள். இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

ஹோஸ்ட்நேம் எனப்படும் இந்தப் பெயர் எங்கிருந்து வருகிறது? இடிசி டைரக்டரியில் உள்ள ஹோஸ்ட்நேம் என்ற ஃபைலில் நீங்கள் கொடுத்த பெயர் இருந்தால், சிஸ்டம் அதையே எடுத்துக்கொள்ளும். ஃபைல் காலியாக இருந்தால், ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி சர்வர் ஒரு தற்காலிகப் பெயரையும் சேர்த்துத் தரலாம். அதுவும் இல்லையென்றால் லோக்கல்ஹோஸ்ட் போன்ற பொதுப் பெயர்தான்.

பெயர் உள்ளே வருவதைப் போலவே வெளியேயும் போகிறது. நெட்வொர்க்கில் இணையும்போது உங்கள் கம்ப்யூட்டர் வழக்கமாகத் தன் பெயரை டிஹெச்சிபி சர்வருக்கு அனுப்பும். வீட்டு ரௌட்டரின் பட்டியலில் எது யாருடைய கம்ப்யூட்டர் என்று கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் உபுண்டு இன்ஸ்டாலர் பரிந்துரைப்பது உங்கள் யூசர்நேமுடன் லேப்டாப் மாடலையும் சேர்த்த பெயர். அதை அப்படியே விட்டால், பொது இடத்து வைஃபையில் இணையும் ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரும் மாடலும் அங்கே பதிவாகலாம். வெப்சைட் எதையும் திறக்க வேண்டியதே இல்லை! 2017-ல் வெளியான ஆர்எஃப்சி 8117 இந்த ஆபத்தைத்தான் எச்சரிக்கிறது.

"வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர், பெயர் எதற்கு?" என்று கேட்கலாம். லேப்டாப் வீட்டிலேயே இருப்பதில்லையே!

மாற்றுவது எளிது. க்னோம் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ் சென்று, அபவுட் பக்கத்தில் டிவைஸ் நேம் என்பதை மாற்றுங்கள். ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டும் பயன்படுத்துங்கள்; இடைவெளி வேண்டாம். ஹைஃபனில் தொடங்கவோ முடிக்கவோ கூடாது. 63 எழுத்துகளுக்குள் இருக்கட்டும். உபுண்டு, டெபியன் பயன்படுத்துவோர் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 என்ற வரியிலும் பழைய பெயர் இருந்தால் புதியதை எழுதுங்கள். இல்லையென்றால் சுடூ கட்டளை கொடுக்கும்போது எரர் மெசேஜ் வரலாம்.

என்ன பெயர் வைப்பது? சொந்தப் பெயர் வேண்டாம் என்று 1990-ல் வந்த ஆர்எஃப்சி 1178 அப்போதே சொல்லிவிட்டது. பூக்கள், நதிகள் என ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள். முல்லை, குறிஞ்சி என்று வைத்தால் அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போதும் பெயருக்குப் பஞ்சமிருக்காது.

இன்ஸ்டாலர் தயாரிப்பவர்கள் யூசர்நேமைப் பரிந்துரைப்பதை நிறுத்த வேண்டும். அதுவரை அந்தக் கட்டத்தை அழித்து, நீங்களே நிரப்புங்கள்.