அளவுகோல் குதிரையிடம் இருக்கிறது

நாவலும் கவிதையும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களிடையே, குதிரை தாண்டிச் செல்லும் மரக்கழியைப் பற்றி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆயினும் சென்ற விடுமுறையில் வாசித்தவற்றுள் என் மனத்தில் தங்கிவிட்டது, ஜெர்மானியக் குதிரையேற்ற வீரர் ரைனர் கிளிம்கே ‘காவலெட்டி’ பயிற்சியைப் பற்றி எழுதிய நூல்தான். அவர் தொழிலால் வழக்கறிஞர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆலெரிக் என்ற குதிரையின் மீது டிரெஸ்ஸாஜ் தனிநபர் தங்கம் வென்றவர். அத்தகைய ஒருவர் தரையில் கிடக்கும் கழிகளுக்கென்று ஒரு முழு நூல் எழுதினார் என்பதே என்னை ஈர்த்தது.

காவலெட்டி என்பது இத்தாலியச் சொல். ‘சிறு குதிரைகள்’ என்று பொருள். தாங்குகட்டையைக் குதிரை என்றழைக்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று. வீணையின் தந்திகளைத் தாங்கும் கட்டையும் குதிரைதானே. இரு முனைகளிலும் பெருக்கல் குறிபோன்ற மரக்கால்கள், அவற்றின் மேல் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமுள்ள ஒரு கழி, கருவி இவ்வளவே. கால்கள் இன்றித் தரையில் கிடத்தினால் அது வெறும் தரைக்கழி. தச்சு வேலை சிறிது தெரிந்த எவரும் ஒரு பகலில் செய்துவிடலாம். மேலை நாடுகளில் குதிரை வளர்ப்போர் பலர் அப்படித்தான் செய்துகொள்கின்றனர்.

ஆனால் கற்பிப்பது கழியன்று, இரு கழிகளுக்கு இடையேயுள்ள வெளி. நடைக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், டிராட் எனும் துள்ளோட்டத்திற்கு 1.3 மீட்டர், கேண்டர் எனும் பாய்ச்சல் நடைக்கு 3 மீட்டர் என்று தொடங்குவார்கள். பிறகு அந்தக் குதிரையின் எட்டுக்கு ஏற்ப நெருக்கியோ விலக்கியோ வைப்பார்கள். வெளி சரியாக அமைந்தால் குதிரை தானே தலை தாழ்த்தி, முதுகை உயர்த்தி, காலை எண்ணி வைக்கிறது. சாட்டை வேண்டியதில்லை. யாப்புக் கற்பித்த பழக்கத்தால் எனக்குத் தளைதான் நினைவுக்கு வந்தது. சீருக்கும் சீருக்கும் இடையிலுள்ள இணக்கமே ஓசையைத் தருகிறது.

எனவே, கையால் செய்த கழி கடையில் வாங்கியதற்குக் குறைந்ததன்று என்பது என் கருத்து. செய்பவன் தன் குதிரையை அளந்து செய்யலாம். கழியைக் குறுக்குக் கால்களின் நடுவில் பொருத்தாமல் சற்று விலக்கிப் பொருத்தினால், புரட்டிப் போடுவதிலேயே மூன்று உயரங்கள் கிடைத்துவிடும். எளிமையான அறிவு, ஆனால் எவ்வளவு அழகானது!

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. ‘வீட்டிலேயே செய்தது’ என்ற பெருமிதம் சில வேளைகளில் செய்பவனுடைய வசதியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டுவிடுகிறது. பிளாஸ்டிக் குழாய் மலிவானது, தூக்க எளிது. அதனால்தான் குளம்பு பட்டதும் உருண்டோடுகிறது. மிதிபட்டால் கூர்முனைகளோடு உடைகிறது. உருண்டையான மரக்கழியும் தளையின்றிக் கிடந்தால் காலடியில் உருளும். ஒரு பக்கமாவது தட்டையாகச் செதுக்க வேண்டும். அல்லது இருபுறமும் ஆப்பு வைக்க வேண்டும். பத்து சென்டிமீட்டர் பருமனுள்ள பைன் கழி பன்னிரண்டு கிலோ அளவில் கனக்கும். அந்தக் கனம் தூக்குபவனுக்குத் தொல்லை, குதிரைக்குப் பாதுகாப்பு. ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்குக் கால்களை அடுக்கி உயரத் தடை அமைப்பதையும் பயிற்சியாளர் பலர் தவிர்க்கின்றனர். சரிந்தால் குதிரையின் கால் அவற்றுக்கிடையே சிக்கிக்கொள்ளும்.

குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசை என்று சொல்லத்தக்கது இல்லை. எலும்பும் நாணும் தோலுமே. தன் மூக்கின் நேர் கீழே கிடப்பதை அது காண்பதுமில்லை. சில எட்டுகளுக்கு முன் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டுதான் காலைத் தூக்குகிறது. சிவப்பையும் பச்சையையும் நம்மைப்போல் அது பிரித்தறிவதில்லை. பிரிட்டனின் தடைப்பந்தயத் திடல்களில் நெடுங்காலம் இருந்த ஆரஞ்சு வண்ணத்தை அண்மை ஆண்டுகளில் வெள்ளைக்கு மாற்றியது இந்த அறிவினால்தான். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்த வண்ணம் அதன் கண்ணுக்குப் புல்லோடு கலந்து கிடந்திருக்கிறது! நமக்குப் பிடித்த வண்ணத்தைப் பூசும் முன் இதை எண்ண வேண்டாமா?

காவலெட்டிப் பயிற்சி வேரூன்றிய இத்தாலியக் குதிரைப்படை மரபில் ஃபெடெரிகோ காப்ரில்லியின் (1868–1907) பெயர் முதன்மையானது. தடை தாண்டும்போது வீரன் பின்னே சாய்ந்து கடிவாளத்தை இழுத்த காலத்தில், அவன்தான் குதிரைக்கு இசைந்து முன்னே சாய வேண்டும் என்று காட்டியவர் அவர். இணங்க வேண்டியவன் மனிதன் என்ற அந்தத் திருப்பத்தின் தொடர்ச்சியாகவே இந்தக் கழிகளையும் பார்க்கிறேன்.

ஒரே கழியில் தொடங்கு, பிறகு மூன்று நான்கு, பிழைத்தால் மீண்டும் ஒன்றுக்கே திரும்பு என்பது பயிற்சியாளர் சொல்லும் நெறி. இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் எனக்கு இது உறைத்தது. மாணவன் தடுக்கி விழுந்தபோதெல்லாம் அவனைத்தான் குறை கூறியிருக்கிறேன். நான் வைத்த இடைவெளியை அளந்து பார்த்ததில்லை. குதிரை தடுக்கினால் நல்ல பயிற்சியாளர் முதலில் குனிந்து கழியைத்தான் நகர்த்துகிறார்.