கழற்றி வைத்த கடிகாரம்

பெங்களூரில் 1961-ஆம் ஆண்டு முதல் உருவான எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் நம் இல்லங்கள் பலவற்றிற்கும் வந்தன. மாலையில் வீடு திரும்பிய தந்தையர் அதைக் கழற்றி அலமாரியில் வைப்பர். காலையில் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்வர். இடைப்பட்ட நேரம் குடும்பத்திற்கு உரியது.

2020-இல் ஊரடங்கு வந்தபோது அலுவலகமே வீட்டிற்குள் நுழைந்தது. நம்மில் பலர் கடிகாரம் கட்டுவதையே விட்டோம். மணி பார்க்கக் கைப்பேசி போதுமென்றோம். கடிகாரமோ மணியை மட்டுமே காட்டிற்று. கைப்பேசி, மணி பார்க்க எடுத்த நம்மை அரைமணி நேரம் பிடித்து வைத்துக்கொள்கிறது. எதிரே பேசிக்கொண்டிருந்த குழந்தை பாதியில் நிறுத்திவிடுகிறது.

அன்பர்களே, இரவு உணவு வேளையிலாவது கைப்பேசியையும் அந்த அலமாரியில் வைப்போம். மணியைச் சுவர்க்கடிகாரம் சொல்லட்டும். பிள்ளைகள் சொல்வதை நாம் கேட்போம்.