அளவு சட்டை கொடுத்து அனுப்புங்கள்!

என் கணவர் துபாயில் டிரைவராக இருக்கிறார். குள்ளம், ஒல்லியான உடம்பு. போன வருஷம் லீவில் வந்தவர், அங்கே வாங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு மயிலம் கோவிலுக்குப் புறப்பட்டார். தோள் தொங்கியது, கை, விரலை மூடியது. "யாரு சட்டைடா இது?" என்று மாமியார் கேட்க, அவர் சிரித்து மழுப்பினார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

"பெரிய உடம்புக்காரங்களுக்குத் தைச்சதுதான் மலிவா கிடைக்குது. பிடிச்சுத் தைக்கக் கூலி கொடுத்தா, வீட்டுக்கு அனுப்புறதுல குறையுமே" என்றார். காலர் பட்டியைப் பார்த்தால், 'மேட் இன் இந்தியா'!

அவருக்குச் சரியாக இருந்த பழைய சட்டையைத் திண்டிவனம் டெய்லரிடம் அளவுக்குக் கொடுத்தேன். முழுக்கைக்கு 36 அங்குல அகலத் துணி இரண்டரை மீட்டர் ஆனது. பருத்தித் துணி சுருங்கும் என்பதால், நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுத்தேன். நாலு சட்டையும் கனகச்சிதம்!

அவசரத்துக்கு அங்கே வாங்கினாலும் எஸ், எம் என்ற எழுத்தை நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். காலர் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். நம்மூர் 15 அங்குலம், சென்டிமீட்டரில் 38.

ஊறுகாய், பருப்புப்பொடி என்று பெட்டியை நிரப்புகிறோம். நம் ஜாக்கெட்டுக்கு அரை அங்குலம் கூடினாலும் டெய்லரோடு சண்டை போடுகிறோம். வீட்டுக்காரரின் தோள் அளவு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்காக மிச்சம் பிடிப்பவர், நாலு பேர் முன்னால் கூனிக் குறுகி நிற்கலாமா, சகோதரிகளே?

– ஒரு வாசகி, கூட்டேரிப்பட்டு.