பிஞ்சுக் கைகளும் வெள்ளைத் தாளும்

‘சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்’ என்பது பழமொழி. உடல்நலத்தைப் பேண வேண்டும் என்பதற்காகப் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். ஆனால் மூன்று நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இப்பழமொழிக்கு நேர்ப்பொருளே உண்டு. புதிதாக வெள்ளையடித்த சுவர் கண்ணில் பட்டால் போதும். அடுப்புக்கரியோ அக்காளின் பென்சிலோ எப்படியோ அந்தச் சின்னக் கைக்கு வந்துவிடும். தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கோடுகளும் வட்டங்களுமாக ஒரு சித்திரசாலை எழும்பிவிடும். ஈரத்துணியோடு தாய் வருவாள். முதுகில் ஓர் அடியும் விழும்.

இப்படிக் கை துறுதுறுத்த அதே குழந்தையைத்தான் நாம் மழலையர் வகுப்பில் சேர்க்கிறோம். அங்கே ‘டிராயிங்’ என்று ஒரு பாடவேளை உண்டு. அச்சடித்த மாம்பழப் படம் ஒன்று கொடுக்கப்படும். மஞ்சள் நிறம்தான் தீட்ட வேண்டும். கோட்டைத் தாண்டக் கூடாது. நாற்பது குழந்தைகள், நாற்பது மஞ்சள் மாம்பழங்கள். சுவரில் வரிசையாக மாட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எது எவளுடையது என்பதைப் பெயரைப் படித்துத்தான் சொல்ல முடியும். இதில் குழந்தையின் கை இருக்கிறது. குழந்தை இருக்கிறாளா என்பதே என் கேள்வி.

இதைக் கேட்கும் உரிமை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், மழலையர் வகுப்பில் பணியாற்றியபோது, நானே செய்த தவறு அது. கண்காட்சிக்கு முதல் நாள் மாலை. ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் குழந்தைகள் வரைந்த படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நெசவாளர் வீட்டுச் சிறுமி தன் தாயைப் பெரிதாகவும், தொட்டிலில் தம்பியைச் சிறிதாகவும் வரைந்திருந்தாள். ஒரு பக்கம் நெருக்கமாகப் பல கோடுகள். அவற்றின் நடுவே தந்தை. இடுப்புக்கு மேலே மட்டும். பாவம், வரைந்து களைத்துவிட்டாள் போலும் என்று எண்ணி, நானே ஸ்கெட்ச் பேனாவை எடுத்து இரண்டு கால்களையும் கறுப்புச் செருப்பையும் போட்டு முடித்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியும் எனக்கு இருந்தது.

மறுநாள் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். படத்தையே சிறிது நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், “டீச்சர், எங்கப்பா காலு குழிக்குள்ளதானுங்க இருக்கும்” என்றாள்.

குழித்தறியில் அமர்ந்து நெய்கிறவரின் கால்கள் குழிக்குள் மிதிகட்டையின் மேல் இருக்கும். எதிரே நின்று பார்க்கும் குழந்தைக்கு அவை தெரியமாட்டா. அவள் பார்த்ததை அப்படியே வரைந்திருந்தாள். சென்னிமலையில் பிறந்து தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் படம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் என் கண்ணை மறைத்துவிட்டது. அந்தத் தந்தை ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். அதன் பிறகு அவளிடம் தாளைக் கொடுத்தபோதெல்லாம், “என்ன வரையட்டுங்க டீச்சர்?” என்று கேட்கத் தொடங்கினாள். அதற்கு முன் ஒருநாளும் அவள் அப்படிக் கேட்டதில்லை. என் மனத்தை இன்றும் உறுத்துவது அந்தக் கேள்விதான்.

ஆகவே நான் வேண்டுவது ஒன்றே. மழலையர் வகுப்பில் நாள்தோறும் சிறிது நேரமாவது, முடிவு இன்னதென்று நாம் தீர்மானிக்காத கலைப்பணிக்கு இடம் கொடுக்க வேண்டும். வெறும் தாள், களிமண், வண்ணம் ஆகியவற்றைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டு, அது முடித்ததை நாம் திருத்தாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

குழந்தையின் கிறுக்கல் வீண்வேலை என்று எண்ணுவோர் பலர். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மழலையர் பள்ளிப் பணியில் இருந்த ரோடா கெல்லாக் என்ற அம்மையார், பல நாட்டுக் குழந்தைகளின் படங்களை லட்சக்கணக்கில் திரட்டி ஆராய்ந்தார். 1969-ஆம் ஆண்டில் அந்த ஆராய்ச்சியை நூலாகவும் வெளியிட்டார். கிறுக்கல்களில் இருபது அடிப்படை வகைகள் உண்டு என்று அவர் கண்டார். முதலில் கிறுக்கல், பிறகு வட்டமும் சிலுவைக் கோடும், பிறகு வட்டத்துக்குள் சிலுவைக் கோடு, பிறகு கதிர் வீசும் சூரியன், அதன் பிறகே மனிதன் என்று குழந்தையின் படம் படிப்படியாக வளர்கிறது. அந்த முதல் மனிதனுக்கு உடம்பு இராது. தலையிலிருந்தே கையும் காலும் முளைத்திருக்கும். அதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். உண்மையில் நேற்றைய சூரியன்தான் இன்றைக்கு மனிதனாகியிருக்கிறது. நாம் கொடுக்கும் அச்சடித்த மாம்பழத்தில் இந்தப் படிகளுள் ஒன்றுகூட இல்லை.

நம் வீட்டுப் பெண்கள் இதை நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள். மார்கழிக் காலையில் அம்மிச்சி வாசலில் புள்ளிக் கோலம் போடும்போது, பக்கத்தில் வந்து நச்சரிக்கும் பேத்தியிடம் ஒரு பிடி மாவைக் கொடுத்து, “அந்த மூலையில போட்டுக்க கண்ணு” என்பாள். அந்த மூலையில் என்ன விழுந்தாலும் அவள் அழிக்கமாட்டாள். பேத்தியோ ஒரு கண்ணால் அம்மிச்சியின் கோலத்தையும் பார்த்துக்கொள்வாள். மழலையர் வகுப்புக்கு நான் கேட்பதும் அந்த ஒரு மூலையைத்தான்.

கல்வி அறிஞர்களும் இதில் ஒரே கருத்தினர் அல்லர். வியன்னா நகரில் பிரான்ஸ் சீசெக் என்ற ஓவியர் 1897-ஆம் ஆண்டில் சிறுவர்க்கென ஓவிய வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். பெரியவர்களைப் பார்த்து எழுதச் சொல்லாமல், குழந்தைகள் தம் மனத்தில் தோன்றியதை வரைய விட்டார். அவருடைய மாணவர்களின் படங்கள் 1920-ஆம் ஆண்டில் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது ஆசிரியர்கள் வியந்தார்கள்.

மரியா மாண்டிசோரி அம்மையாரோ வேறு விதமாக எண்ணினார். அவர் 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள், மூவரசர் திருநாளன்று, உரோமை நகரின் ஏழை மக்கள் பகுதியான சான் லொரென்சோவில் தம் முதல் ‘குழந்தைகள் இல்ல’த்தைத் தொடங்கியவர். அந்நாளில் அவர் முறையை வரவேற்றவர்களுள் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைப்பணிக் கன்னியரும் உண்டு. நமக்கு அருகிலுள்ள உதகமண்டலத்தில் 1877-ஆம் ஆண்டு தோன்றிய சபை அது! 1908-ஆம் ஆண்டு மெசினா நகரில் நேர்ந்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அச்சபையின் உரோமை மடத்தில் மாண்டிசோரி முறையில் கல்வி அளிக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு நவம்பரில் அம்மையாரே சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கி, கொடைக்கானலிலும் வாழ்ந்து, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார்.

‘இஷ்டம்போல் வரை’ என்று விட்டுவிடுவதில் அம்மையாருக்கு நம்பிக்கை இல்லை. முதலில் கையும் கண்ணும் பழக வேண்டும். உலோகச் சட்டங்களைச் சுற்றிக் கோடிழுத்தும், நிறங்களைப் பிரித்தறிந்தும் பழகிய கைக்குப் படம் தானே வரும் என்பது அவர் கொள்கை.

இவ்விருவரில் யார் பக்கம் நிற்பது? நெசவு ஊராருக்கு இது பெரிய புதிர் அன்று. பாவு இல்லாமல் துணி இல்லை. ஊடை இல்லாமலும் துணி இல்லை. கைப்பழக்கம் பாவு என்றால், குழந்தையின் சொந்த எண்ணம் ஊடை. இரண்டுக்கும் வகுப்பில் தனித்தனி நேரம் வேண்டும். இன்று நம் பள்ளிகளில் முதலாவதற்கு நேரம் இருக்கிறது, இரண்டாவதற்குத்தான் இல்லை. மேலும், குழந்தை முடித்த வேலையில் ஆசிரியை கைவைத்துத் திருத்துவதை இவ்விருவருமே ஏற்கமாட்டார்கள். நான் போட்ட அந்த இரண்டு கால்களுக்கு சீசெக்கும் சான்றிதழ் தரமாட்டார். மாண்டிசோரி அம்மையாரும் தரமாட்டார்.

“நெசவாளி அட்டையில் உள்ள டிசைன்படிதானே நெய்கிறான்? சொந்தப் புத்தியைக் காட்டினால் பெட்ஷீட் விலை போகுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஜக்கார்டு அட்டைக்கு முதலில் டிசைன் எழுதியவர் ஒருவர் இருந்தாரல்லவா? நம் ஊர்ப் போர்வைகள் வெளியூர்களிலும் பெயர் பெற்றதற்கு உழைத்த கைகளோடு புதிய கோடு போட்ட கைகளும் காரணம். பிறர் போட்ட கோட்டுக்குள் வண்ணம் நிரப்ப மட்டுமே கற்றவர்கள் நிறைந்த ஊரில் நாளைய டிசைனை யார் எழுதுவது?

பெற்றோரின் கவலை வேறு. “பணம் கட்டிப் படிக்க வைக்கிறோம், பிள்ளை கிறுக்கிக்கொண்டு வருகிறதே” என்பார்கள். அவர்களுக்கு என் பணிவான விடை இது. ‘அ’ எழுதச் சுழி வேண்டும். ‘ட’ எழுத மூலை வேண்டும். நூறு சுழிகளைத் தன் விருப்பத்தோடு போட்ட விரலுக்கு ‘அ’ எளிதில் படியும். களிமண் பிசைந்த கைக்குப் பென்சில் பிடிக்கும் வலுவும் வரும். தன் படத்தைப் பற்றிப் பேசும் குழந்தைக்குச் சொல்வளமும் கூடும். காந்தியடிகளின் சேவாகிராமப் பள்ளியில் 1944-ஆம் ஆண்டு முதல் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கல்விக்கு அடிப்படையே கலைதான் என்று தனி நூலே எழுதினார்.

“ஒரு வகுப்பில் நாற்பது குழந்தைகள்; தரையெல்லாம் வண்ணமாகும்; யார் துடைப்பது?” என்பது சக ஆசிரியைகளின் கவலை. சுதந்திரம் என்பதற்கு ஒழுங்கின்மை என்று பொருளில்லை. உட்காரும் இடம் இது, எடுத்த பொருளை வைக்கும் இடம் அது, அடுத்தவள் தாளைத் தொடக் கூடாது, முடிந்ததும் தன் இடத்தைத் தானே துடைக்க வேண்டும் என்ற நான்கு விதிகள் போதும். என்ன வரைவது என்பதற்கு மட்டும் விதி வேண்டாம்.

பெரிய செலவும் இல்லை. ஒரு பக்கம் அச்சான பழைய தாள், செய்தித்தாள், தறியில் மிஞ்சும் கழிவு நூல், நூல் சுற்றிய கோன் அட்டை, செம்மண், புளியங்கொட்டை, உதிர்ந்த இலை, மஞ்சள் பொடி, பீட்ரூட் சாறு ஆகிய யாவும் நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கடையில் வாங்கும் வண்ணப் புத்தகத்தைவிட இவை எவ்வளவோ மேல்.

இன்னொன்று. குழந்தை படத்தை நீட்டும்போது “இது என்ன?” என்று கேட்காதீர்கள். ‘எனக்கு ஒன்றும் புரியவில்லை’ என்றுதான் அது குழந்தைக்குக் கேட்கும். “இதைப் பற்றிச் சொல்லு கண்ணு” என்று கேளுங்கள். அது சொல்வதைத் தாளின் பின்புறம் எழுதி வையுங்கள். நான் அன்று அப்படிக் கேட்டிருந்தால், குழித்தறியின் கதை முழுவதும் எனக்குக் கிடைத்திருக்கும்.

மேல்வகுப்பு மாணவியரே, உங்களுக்கும் ஒரு சொல். தங்கை தம்பியின் படத்தை இரவோடிரவாக நீங்களே வரைந்து அனுப்புவது உதவியாகத் தோன்றலாம். அடுத்த முறை அவர்கள் தம் கையை நம்பாமல் உங்கள் கையையே தேடுவார்கள். பென்சிலைச் சீவிக் கொடுங்கள், பக்கத்தில் உட்காருங்கள், அதுவே போதும்.

நம் விசுவாசமும் இதையே கற்பிக்கிறது. திருமறையின் முதல் ஏட்டில் இறைவனை நாம் சந்திப்பது படைப்பவராகத்தான். மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கியவர் அவர். அவர் சாயலில் பிறந்த குழந்தை மண்ணைப் பிசைந்தால் அதை வெறும் அழுக்கு என்று ஒதுக்கலாமா? தாலந்து உவமையில் கண்டிக்கப்பட்டவன் தன் தாலந்தைப் புதைத்தவன். பிறருடைய தாலந்தை நம் கையாலேயே புதைப்பதற்கு என்ன பெயர்?

1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தபோது உண்மையான வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்தார். ஊரார் எளிதில் அறிந்த பொருள்கள் அவை. நம் பள்ளிக் குடிலிலும் இவ்வாண்டு மழலையர் செய்த களிமண் ஆடுகளுக்கு ஓர் இடம் ஒதுக்கலாமே. ஓர் ஆட்டுக்கு மூன்று கால் இருக்கலாம். மற்றொன்றுக்குக் காது மட்டும் பெரிதாக இருக்கலாம். குழந்தை இயேசு அவற்றைத் திருப்பி அனுப்பமாட்டார்.

நிறைவாக, அருட்சகோதரிகளிடமும் சக ஆசிரியைகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சியில் மழலையர் பகுதியிலாவது, ஆசிரியையின் கை படாத படங்களை மட்டும் மாட்டுவோம். பெற்றோர்களே, அங்கே கால் இல்லாத தந்தை ஒருவர் சுவரில் இருந்தால் சிரித்துவிடாதீர்கள். அதை வரைந்த குழந்தையின் அருகே குனிந்து, காரணம் கேளுங்கள்.